பாதிக் கிராப்பு

சலூன்காரரின் கடையில் அழாத குழந்தை கிடையாது. நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகையைப் போட்டு, அதன் மேல் தூக்கி உட்கார வைத்து, கழுத்தில் துணியைக் கட்டியதுமே தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிடும். அம்மாவைக் கூப்பிடும், அப்பாவைக் கூப்பிடும், சில வாண்டுகள் போலீஸைக்கூடக் கூப்பிட்டிருக்கின்றன. சலூன்காரர் எதற்கும் அசைய மாட்டார். கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப் போயிருந்தது.

அப்பேர்ப்பட்ட கடையில் அவருடைய சொந்த மகள் மட்டும் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்தாள். பிடரியில் மெஷின் உறுமியபோதும் இமைகூட ஆடவில்லை. காத்திருந்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். சலூன்காரருக்கு வாயெல்லாம் பல். "எம்பொண்ணுங்க. தொழில் ரத்தத்துல ஊறிக் கிடக்கு" என்றார். ரத்தத்தில் ஊற வழியே இல்லை என்பது அவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். அவளை அவரும் அவர் மனைவியும் காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கைக்குழந்தையாக அங்கே போனவள். குளிப்பாட்ட ஒருத்தி, ஊட்ட ஒருத்தி, தூங்க வைக்க இன்னொருத்தி. ஒருத்தியின் முகம் பழகுவதற்குள் அவள் வேலையை விட்டுப் போய்விடுவாள், வேறொருத்தி வருவாள். அப்படியே இரண்டரை வயதாகிவிட்டது.

மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. அதனால் பகலெல்லாம் குழந்தை சலூனில்தான். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு முதலாளியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலாளியம்மாவுக்கு வேற்று முகமே கிடையாது. யார் உள்ளே வந்தாலும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவாள். தூக்கினால் தோளில் சாய்ந்துகொள்வாள், இறக்கிவிட்டால் அடுத்தவரிடம் போய்விடுவாள். ஆம்பளை என்றால் எல்லாரும் அவளுக்கு அப்பாதான். சிலிண்டர் போட வந்தவர் அப்பா, மீட்டர் பார்க்க வந்தவர் அப்பா, விலாசம் கேட்க எட்டிப் பார்த்தவரும் அப்பா.

ஒருநாள், கல்யாணம் நிச்சயமான ஒருவர் மாமனாராகப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு முகம் மழிக்க வந்தார். நுரை பூசிய முகத்தோடு அவர் அண்ணாந்திருக்க, முதலாளியம்மா போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா" என்றாள். மாமனார் தான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மெதுவாக மடித்து வைத்தார்.

"இவ எல்லாரையும் அப்படித்தாங்க கூப்பிடுவா" என்று சலூன்காரர் கத்தியும் கையுமாகச் சத்தியம் செய்தார். மாமனார் நம்புகிற மாதிரி தெரியவில்லை. நல்லவேளையாக முதலாளியம்மா அங்கிருந்து நகர்ந்து, மாமனாரின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா" என்றாள். கல்யாணம் தப்பித்தது. அன்றிலிருந்து அந்த மனிதருக்குக் கடையில் மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். சலூன்காரரும் சிரித்தார். ஆனால் கடையைக் கூட்டும்போது பாதியில் துடைப்பத்தை ஊன்றி நின்றுவிட்டார். இத்தனை அப்பாக்களில் தானும் ஒருத்தன், நாளைக்கே அந்த சிலிண்டர்காரர் தூக்கிக்கொண்டு போனாலும் இவள் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று தோன்றியது. அதை மனைவியிடம் சொன்னபோது, "எனக்கு மட்டும் என்னவாம்? அடுத்த வீட்டுக்காரியும் இவளுக்கு அம்மாதான்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் ஊசி குத்தியபோதும் குழந்தை வாய் திறக்கவில்லை. பழக்கதோஷம், சலூன்காரர் பெருமையடித்தார். "எம்பொண்ணு அழவே மாட்டா டாக்டரம்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அழுதா யாராவது வருவாங்கன்னு தெரிஞ்சாத்தாங்க குழந்தை அழும். இவளும் அழுது பாத்திருப்பா. தனக்குன்னு ஒரு ஆள் வரல. அதான் விட்டுட்டா."

அவருக்கு ஊசி தனக்கே ஏறின மாதிரி இருந்தது. "மருந்து ஏதாவது?"

"நீங்க ரெண்டு பேரும்தான் மருந்து. எங்க போனாலும் சொல்லிட்டுப் போங்க. சொன்னபடி வந்து நில்லுங்க. தினமும் அதே ஆள், அதே மாதிரி."

"எத்தனை நாளைக்குங்க?"

"அத அவதான் சொல்லணும்."

சலூன்காரர் அதை வேளை தவறாமல் சாப்பிடுகிற மாத்திரை மாதிரி கடைப்பிடித்தார். பாதி மீசை ஒதுக்கிய ஆளை அப்படியே விட்டுவிட்டு முக்காலி முன்னால் குனிந்து, "அப்பா துண்டு காயப்போட்டுட்டு வந்துடறேன்" என்பார். வந்ததும், "அப்பா வந்துட்டேன்" என்பார். கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிவதற்கும் இதே அறிவிப்புதான். கொல்லைப்பக்கம் எதற்குப் போகிறார் என்பதைக் கடை முழுவதற்கும் உரக்கச் சொல்லிவிட்டுப் போவார். அவசரக்காரர்கள் எதிர்ச்சாரிக் கடைக்குத் தாவினார்கள். மிஞ்சியவர்களுக்கு அந்த வியாதியே தொற்றிக்கொண்டது. எழுந்து போகும்போது, "முதலாளியம்மா, போயிட்டு முடி வளந்ததும் வந்துடறேன்" என்று அவளிடம் விடைபெற்றார்கள்.

அவளோ அவர் போனாலும் பார்ப்பாள், வந்தாலும் பார்ப்பாள். அவ்வளவுதான். மழைக்காலம் வந்து போனது. அவருக்கு நம்பிக்கை விட்டுப்போய்க்கொண்டிருந்தது.

முடி கண்ணை மறைக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகு ஒருநாள் அவளை மறுபடி பலகையில் ஏற்றினார். மாப்பிள்ளை மட்டும் பெஞ்சில் காத்திருந்தார். இடதுபக்கம் கச்சிதமாக முடிந்தது. வலதுபக்கத்துக்கு வரும்போது முடியை நனைக்கிற பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிர்ச்சாரிக் கடையில் புதுசாகக் குளிர்சாதனம் வைத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொல்ல, அந்த வயிற்றெரிச்சலில் சலூன்காரர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கொல்லைக்குப் போய்விட்டார்.

குழாயைத் திறந்தார். கடைக்குள் ஒரு குழந்தை வீறிட்டது. வழக்கமான கச்சேரிதானே, யார் வீட்டுப் பிள்ளையோ, நல்ல குரல், பெற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்தபடி பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி நிறைந்தபோதுதான் கடையில் இருப்பது ஒரே ஒரு குழந்தை என்பது உறைத்தது. பாட்டில் ஒரு பக்கம் உருள, குழாய் தன் பாட்டுக்கு ஓட, அவர் உள்ளே பாய்ந்தார்.

அதற்குள் மாப்பிள்ளை அவளைப் பலகையிலிருந்து விழாமல் பிடித்துக்கொண்டு, தெரிந்த வித்தையையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். "அழாதம்மா, இங்க பாரு, நான்தான் அப்பா. அன்னைக்கி நீயே சொன்னியே."

அவள் அவர் முகத்தில் கையை வைத்துத் தள்ளினாள். "நீ இல்ல. என் அப்பா. என் அப்பா எங்க?"

சலூன்காரர் அவளை அள்ளினார். அவள் அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டாள், தோளைக் கடித்தாள், முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள், அத்தனை நாளுக்கும் சேர்த்து அழுதாள். "சொல்லாம போயிட்டேன். தப்புதான். இனிமே போக மாட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அவரும் அழுதார். கண்ணீரும் மூக்குச்சளியும் நறுக்கிய முடியும் இரண்டு முகங்களிலும் அப்பிக்கொண்டன. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், "குழந்தை அழுதுங்க" என்று மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். இதற்கா இத்தனை பேர் என்று அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு அவள் பலகையைக் கண்டாலே ஊரைக் கூட்டினாள். வலதுபக்கம் அப்படியே நின்றுபோனது. மனைவி மறுநாள் வேண்டுமென்றே மூன்று தடவை வாசல் வரை போய்ப் பார்த்தாள். மூன்று தடவையும் அழுகை. வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடி திரும்பி வந்தாள்.

அந்த வாரம், பையனுக்கு முடி வெட்ட ஒரு புது ஆள் வந்தார். சலூன்காரரின் இடுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தையின் தலையை ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். "என்ன கண்றாவிங்க இது? யாரு வெட்டினது?"

சலூன்காரர் வாயைத் திறப்பதற்குள், "எங்கப்பா" என்றாள் முதலாளியம்மா.

வந்தவர் பையனை இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக் கடைக்கு நடந்தார். சலூன்காரர் அவர் போவதை வாசலில் நின்று பார்த்தார். பிறகு குழந்தையின் காதருகே குனிந்து, "யாரு வெட்டினது? இன்னொரு தடவ சொல்லு" என்றார்.