ஊசி வேண்டாத நாட்கள்

"கைய சேத்துப் புடி மாப்ள, கட்டறேன்" என்றார் குப்புராஜ் மாமா, வெள்ளைத் துணியைப் பல்லால் கிழித்தபடி. விறைத்துப்போன அப்பாவின் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துப் பிடித்தான் மாதேஷ். விரல் நுனிகளில் ஊசி குத்திய தடம் தேடித்தான் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் கை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

தினமும் காலையில் சுகர் பார்த்து அட்டவணையாக அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டர். பாதி நாள் அப்பா "இன்னிக்கு வேணாம் தம்பி" என்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். மாதேஷும் வற்புறுத்தவில்லை. விட்டுப்போன எண்களை நிரப்புவதுதான் கல்லூரியில் அவனுடைய புராஜெக்டே. குத்திய நாட்களின் தூக்கம், நடை, மாத்திரை எல்லாம் பார்த்துப் படித்துக்கொண்டு, குத்தாத நாளுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று அவனுடைய கம்ப்யூட்டர் மாடல் சொல்லிவிடும். ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் அனுப்பினான். எது குத்தியது, எது நிரப்பியது என்று சொல்லவில்லை. "ஒரே சீரா இருக்கு, அதே மாத்திரை போதும்" என்றார் டாக்டர். துறைத்தலைவர் கைகுலுக்கினார். மகன் குத்தாமலே சுகர் பார்ப்பதாகப் பாப்பாரப்பட்டி சந்தை முழுக்கச் சொல்லிவைத்தார் அப்பா.

நேற்று மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தபோது, மீட்டரில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத உயரத்துக்குப் போனால் காட்டும் 'ஹை' மட்டும் வந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் அம்மா. "ஊசி வேணாம்னாவே முந்துன ராத்திரி மாம்பழம் தின்னுருக்காருன்னு அர்த்தம். மீசையில நாரு ஒட்டிட்டு இருக்கும். நாந்தான் கண்டும் காணாம வுட்டுட்டேன்."

மாடலுக்கு மாம்பழம் தெரியாது. அப்பா ஒழுங்காக இருந்த நாட்களை மட்டுமே அது பார்த்திருந்தது.

"அழுவாத ராமக்கா. பையன் ஒரு நா தவறாம பாத்தான். இந்தக் காலத்துல எவன் பாப்பான்?" என்றார் மாமா.

"நான் பாக்கலைங்க மாமா" என்றான் மாதேஷ்.

"நீ பாக்காம, பின்ன பக்கத்தூட்டுக்காரனா பாத்தான்?" மாமா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த பிறகு, மாமா அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கும் தலைய சுத்துது மாப்ள. உங்கப்பனுக்குப் பாத்த மாதிரியே ஒன்னு பாத்துச் சொல்லேன்."

மாதேஷ் உள்ளே போய் மீட்டரை எடுத்துவந்தான். ஸ்டிரிப் டப்பா பாதி தீராமலே இருந்தது.

"கைய நீட்டுங்க மாமா."

"ஊசியா?"

"ஆமாங்க."

மாமாவின் கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. "இன்னிக்கு வேணாம் மாப்ள."

மாதேஷ் உள்ளங்கையை விரித்து நீட்டியபடியே நின்றான்.