பதினான்காவது கடை

டிரைவருக்கு இடது கன்னச் சவரம் முடிந்து, வலது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தபோது என் மகள் ஒரு கவரோடு கடைக்குள் வந்தாள். டாக்டரம்மா எழுதிய கட்டுரை அச்சாகிவிட்டதாம், எனக்கே ஒன்று அனுப்பியிருக்கிறார். கத்தியை அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். நம்ம கடை புத்தகத்தில் வரப்போகிறது என்று ஆறு மாதமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறேன். சும்மா இருக்க முடியுமா?

டாக்டரம்மா ஹெபடைடிஸ் பி என்கிற கல்லீரல் நோயை ஆராய்ச்சி செய்கிறவர். ரத்தத்தால் பரவும் நோய். ஒருவர் முகத்தைக் கீறிய பிளேடு அடுத்தவர் முகத்தைக் கீறினாலே போதும். இரண்டு வருஷத்துக்கு முன் இருபது சவரக் கடைகளுக்கு நம்பர் போட்டு, எங்கள் ரத்தத்தையும் வாடிக்கையாளர்கள் ரத்தத்தையும் எடுத்தார். முதல் பத்துக் கடைகளுக்கு, ஆளுக்கொரு புதுப் பிளேடு போடச் சொல்லி உடனே பயிற்சி. என் கடை பதினாலு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை வழக்கம்போலவே இருங்கள், பழைய பிளேடை மட்டும் இந்தத் தகர டப்பாவில் போடுங்கள், எண்ணிப் பார்க்க வருவோம் என்றார். அதிலிருந்து எங்கள் ஆட்களிடையே அவர் பெயர் டப்பா டாக்டர்.

அப்போதெல்லாம் பிளேடை இரண்டாக ஒடித்தால் ஒரு பாதியை நாலு முகத்துக்கு ஓட்டுவேன். ஊரே அப்படித்தான் ஓட்டியது. நடுவில் கொஞ்சம் டெட்டாலில் முக்கி எடுத்தால் பெரிய சுத்தம் என்று நினைப்பு.

ரத்தம் எடுத்த இரண்டாம் வாரம் டிரைவர் வந்தார். வந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிற மனிதர், அன்று வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எனக்கு அது இருக்காம்ணே. வேற கடைக்குப் போயிடவா?"

பதினோரு வருஷமாக என்னிடம் முகம் கொடுக்கிறவர். அவரைத் தொட்ட பிளேடு எத்தனை பேரைத் தொட்டிருக்கும்? சனிக்கிழமை தவறாமல் அவருக்கு அடுத்து உட்காருகிற தபால்காரர் நினைவுக்கு வந்தார். பாவி, என் கையாலேயே கொடுத்துவிட்டேனா? டிரைவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அன்றிலிருந்து ஆளுக்கொரு புதுப் பாதி, வேலை முடிந்ததும் அது டப்பாவுக்குள். அவர் மட்டும் அதற்குப் பிறகு சாய்ந்து உட்காரவே இல்லை. தன் பிளேடு டப்பாவில் விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆறு மாதம் கழித்து எண்ண வந்தபோது என் டப்பா நிரம்பி, பக்கத்தில் இன்னொன்றும் பாதி நிறைந்திருந்தது. டாக்டரம்மா இரண்டு தடவை எண்ணினார்.

"வழக்கம்போல இருக்கச் சொன்னேனே?"

"இருக்க முடியலம்மா."

அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பாராட்டித்தான் எழுதுகிறார் என்று உச்சி குளிர்ந்துபோனேன். மறுபடி எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவரவர் முடிவை அவரவரிடம் தனியாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு எப்படி என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. இத்தனை நாளும் தபால்காரர் முகத்தில் சோப்பு போடும்போதெல்லாம் அவர் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்ப்பதோடு சரி.

இப்போது மகள் கட்டுரையிலிருந்த கடைப் பட்டியலில் விரலை ஓட்டினாள். பதின்மூன்று இருந்தது, அடுத்து பதினைந்து இருந்தது. பதினாலைக் காணோம். கடைசியில் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அகப்பட்டது. அவள் தமிழில் சொன்னாள்: ஒரு கடை, பயிற்சிக்கு முன்பே தானாகப் பிளேடை மாற்றத் தொடங்கியதால், கணக்கில் சேர்க்கப்படவில்லை.

டிரைவர் நுரை தெறிக்கச் சிரித்தார். ஒழுங்காக இருந்ததற்கு வெளியே தள்ளிவிட்டார்களா என்று கேட்டார். எனக்கு முகம் தொங்கிப்போனது. தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே, இனி எந்த முகத்தோடு கடை திறப்பது?

"அப்பா, ஓரத்துல பேனாவால ஏதோ எழுதியிருக்காங்க" என்றாள் மகள். டாக்டரம்மாவின் கையெழுத்து.

'உங்கள் கடை கணக்கில் வராது. ஆனாலும் நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமலே போனதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடையில் ரத்தம் கொடுத்த முப்பத்தொரு பேரில் முதல் தடவை ஒருவருக்கு நோய் இருந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்த ஒருவருக்கு மட்டும்தான்.'

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் போஸ்ட்மேனைப் பார்க்குறப்பல்லாம் அதையேதான்ணே நெனச்சேன்" என்றார்.

எழுந்து, மேசையில் கிடந்த கத்தியிலிருந்து பாதி பிளேடைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுப் புதுப் பிளேடை ஒடித்தேன். அதே பிளேடு போதும், என் மூஞ்சிதானே என்றார் டிரைவர். கீழே வைத்ததை எடுக்க மாட்டேன் என்றேன். வெந்நீரைத் தொட்டு வலது கன்னத்தில் காய்ந்திருந்த நுரையை நனைத்தேன். டிரைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.