எட்டடி ஆழத்தில் ஒரு ரூபாய்

தினமும் காலையில் நான் நீச்சல் குளத்தில் காசு போடுவேன். பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். திருப்பதிக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கண்டால் காசு போடாதவன் யார்? ஒருநாள் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் ஐந்து ரூபாயைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் போனதும் வலையால் அதை அள்ளி எடுத்து டீ குடித்தேன்.

நான் போட்டது சாமிக்கு இல்லை. குளத்தின் ஆழமான பக்கம் எட்டடி. அங்கே ஒரு ரூபாயைப் போட்டு, அது தரையில் படிந்ததும் கரையில் நின்று பார்க்க வேண்டும். தலையா பூவா என்று தெரிந்தால் குளத்தைத் திறக்கலாம். காசு மட்டும் தெரிந்து பக்கம் தெரியாவிட்டால் ஃபில்டரைக் கவனிக்க வேண்டும். காசே தெரியாவிட்டால் வாசலில் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். குவைத்தில் ஒன்பது வருடம் நீச்சல் குளங்களுக்கு ஃபில்டர் பார்த்தேன். அங்கே எங்கள் மேலாள் ஒரு எகிப்துக்காரன். வாயைத் திறந்தால் சாக்கடை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி. காசு தெரியாத தண்ணீரில் ஆளும் தெரியாது.

2012-இல் ஊருக்கு வந்தபோது என் மகள் கலைவாணி என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டாள். என் மனைவி காஞ்சனா சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி விசா கிசான்னு கெளம்புனா, திரும்பி வராத. அங்கயே இருந்துக்க" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த நேரத்தில்தான் சித்தூர்–திருப்பதி ரோட்டில், புத்தலப்பட்டு தாண்டி, அந்த ரிசார்ட்டைத் திறந்தார்கள். மலையிறங்கி வரும் வண்டிகள் நிற்க, சாப்பிட, குளிக்க. நீச்சல் குளத்துக்கு ஆள் தேடினார்கள். என் படிப்பு ஏழாவது. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பூல் ஃபில்டரைத் திறந்து மூடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நீலச் சட்டையில் 'முனிரத்தினம், டெக்னீஷியன்' என்று நூலால் தைத்துக் கொடுத்தார்கள். எங்கள் காலனியில் சட்டையில் பெயர் வைத்திருந்த முதல் ஆள் நான். இஸ்திரி போட்டுத்தான் போவேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

ஃபில்டர் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு டேங்க், உள்ளே முக்கால்வாசி மணல். மோட்டார் குளத்துத் தண்ணீரை இழுத்து மணலின் மேலே விடும். அழுக்கு மணலில் தங்கும், நல்ல தண்ணீர் அடியில் இறங்கிக் குளத்துக்குத் திரும்பும். வாரம் ஒருமுறை தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலை அலசி, அழுக்கைச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும். மணல் நன்றாக இருக்கும்வரை குளம் நன்றாக இருக்கும்.

குவைத்தில் அதே மணல் ஐந்தாறு வருடம் உழைத்தது. இங்கே பத்து மாதம் தாங்கவில்லை. காரணம் சந்தனம். மலையில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தை அப்பிக்கொண்டு வேனில் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் அப்படியே தொப்பென்று குதிப்பார்கள். 'குளித்துவிட்டு இறங்கவும்' என்று மூன்று மொழியில் பலகை வைத்தேன். சாமி பிரசாதத்தைக் கழுவச் சொல்ல நீ யார் என்று ஒருத்தர் சண்டைக்கே வந்தார். சந்தனமும் தேங்காயெண்ணெயும் மணலில் இறங்கினால் பிசைந்து உருட்டின களிதான். டேங்கைத் திறந்து பார்த்தேன், கட்டி கட்டியாக வந்தது. மணலை மாற்றியே ஆகவேண்டும் என்று மேனேஜர் வெங்கடரமணனிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். இதற்கென்று தனி மணல் இருக்கிறது. எல்லாம் ஒரே பருமன், மூட்டையில் சென்னையிலிருந்து வர வேண்டும்.

"சூஸ்தாம், சூஸ்தாம்" என்றார் அவர். பார்க்கலாம் என்று சொல்கிற மேனேஜர் எந்த ஊரில் பார்த்திருக்கிறார்?

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. காஞ்சனாவின் தம்பி சீனு அன்றைக்கு வந்திருந்தான். நீவா ஆற்றில் மணல் அள்ளி டிராக்டரில் ஓட்டுகிறவன். அந்த மாதம் வண்டி சும்மா நின்றது.

"மணலுதானே மாமா? நான் போடறேன். நம்ம ஆத்து மணல வுட மெட்ராஸ் மணல் இன்னா ஒசத்தி?"

"அது வேற, இது வேறடா. இதுல சவுடு இருக்குது. பொடி இருக்குது. பில்டருல நிக்காது."

அவன் போனபிறகு காஞ்சனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒம்போது வருசம் ஊட்டுக்கு ஆம்பள தொணையா இருந்தது அவன்தான். அவனுக்கு ஒரு லோடு சொல்ல உனக்கு வாயி வரல."

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சீனு எனக்கு முன்னாலேயே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறான். "ஏம் முனிரத்தினம், ஆத்து மணல் ஆகுமா ஆகாதா? நீ குவைத் எக்ஸ்பர்ட். நீ சொன்னா சரி" என்றார்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆகாது சார் என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லாமல், "சல்லடை போட்டு அலசினா ஆவும் சார்" என்றேன். வீட்டில் பேச்சு வேண்டும் என்பது ஒரு பக்கம். எக்ஸ்பர்ட் என்று கூப்பிட்டதில் குளிர்ந்துபோனது இன்னொரு பக்கம். எனக்குத்தான் வேலை தெரியுமே, ஆற்று மணலையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்ற திமிர்.

மூன்று நாள் சலித்தேன். கை தேயத் தேய அலசினேன். நிரப்பி மோட்டாரைப் போட்டேன். இரண்டாம் நாள் குளம் கழுநீர் ஆனது. பொடியெல்லாம் அடியில் இறங்கிக் குளத்துக்கே போய்ச் சேர்ந்தது. படிகாரம் போட்டுப் பார்த்தேன். தெளிவது போலத் தெளிந்து, மோட்டார் ஓடியதும் மறுபடி அதே நிறம். மூன்றாம் நாள் காலை காசைப் போட்டேன். இரண்டடிக்குள் அது மறைந்துபோனது. வலையை விட்டுத் துழாவினேன், அகப்படவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டுச் சங்கிலியை எடுத்துப் பூட்டினேன்.

அன்றைக்குப் பார்த்து அறுபது பேர் வருகிறார்கள். மேனேஜர் ஓடிவந்தார்.

"காசு தெரியல சார். தொறக்கக் கூடாது."

"காசா? குளத்துல காசு தேடத்தான் உனக்குச் சம்பளமா?" பிறகு குரலை இறக்கினார். "மணல் யாருது? உன் பாவமரிதி மணல். ஆகும்னு சொன்னது யாரு? நீ. ஓனருக்கு போன் போடட்டுமா?" பாவமரிதி என்றால் மச்சான். வேலை போனால் எனக்கு வேறு கதி குவைத்துதான். குவைத்துக்குப் போனால் வீடு இல்லை.

ரிஜிஸ்டரை நீட்டினார். அதில் 'தண்ணீர் தெளிவு' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைப் போடச் சொன்னவனே நான்தான். 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று முழுக்கக் கரையிலேயே நின்றேன். தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். சாப்பிடப் போகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. சாயந்திரம் மேனேஜர் முதுகில் தட்டி, "சூசாவா? ஏமி காலேது" என்றார். பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாததுதான் வினை. மறுநாளும் எழுதினேன், அதற்கு மறுநாளும் எழுதினேன். புது மணல் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதல் வாரம் கரையில் நின்றேன். இரண்டாம் வாரம் நடுவில் சாப்பிடப் போனேன். மூன்றாம் வாரம் மோட்டார் ரூமில் உட்கார்ந்து மொபைல் பார்த்தேன். காசு போடுவதையும் விட்டுவிட்டேன். தெரியாது என்று தெரிந்தபிறகு எதற்குப் போடுவது? இதை வெங்கடரமணன் செய்யச் சொல்லவில்லை. நானாக விட்டது.

அந்தக் குடும்பம் பலமனேர்க்காரர்கள். தமிழ் பேசுகிறவர்கள். பதினெட்டுப் பேர் வேனில் மலைக்குப் போய்விட்டு வந்தார்கள். எல்லோருக்கும் மொட்டை, எல்லோர் தலையிலும் சந்தனம். மத்தியானம் இரண்டு மணிக்குக் குளத்தில் இறங்கினார்கள். மூன்றரைக்குக் கரையேறி, துவட்டி, டீ குடித்து, நாலு மணிக்கு வேனில் ஏறி எண்ணினால் பதினேழு. பவன்குமார் என்ற பையன் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளை, இருபத்திரண்டு வயது. கடைக்குப் போயிருப்பான் என்றார்கள். பின்பக்கம் தோப்பில் தேடினார்கள். அவன் அம்மா மணியம்மா போன் போட்டுக்கொண்டே நடந்தாள். குளத்துக் கரையிலும் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு தலை இல்லை. அலைகூட இல்லை. திரும்பிப் போய்விட்டாள்.

நான் மோட்டார் ரூமிலிருந்து வெளியே வந்தேன். உடை மாற்றும் அறைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போனேன். ஆணியில் ஒரு பேண்ட் மாட்டியிருந்தது. அதன் பாக்கெட்டில் 'அம்மா' என்று வெளிச்சம் போட்டு அடித்தது.

சட்டையோடு குதித்தேன். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். எட்டடிப் பக்கத்தில் காலால் தேடினேன். முதலில் காலில் பட்டது என் ஒரு ரூபாய். அங்கிருந்து இரண்டு அடி தள்ளி அவன்.

போலீஸ் ரிஜிஸ்டரைத்தான் முதலில் எடுத்தது. இருபத்து மூன்று நாள், இருபத்து மூன்று 'ஆம்', அத்தனையும் என் கையெழுத்து. "இவன் குவைத் எக்ஸ்பர்ட் சார், இவன் சொன்னதை நம்பித்தான் திறந்தோம்" என்றார் வெங்கடரமணன். அதில் பொய்யென்று எதைச் சொல்வது? போலீஸ் குளத்தைப் பார்க்க வருவதற்குள் ராத்திரியோடு ராத்திரியாகக் குளத்தைக் காலி செய்து புதுத் தண்ணீர் விட்டிருந்தார்கள். மறுநாள் எடுத்த போட்டோவில் குளம் கண்ணாடி. பத்து நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தேன். பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெங்கடரமணன் அதே முதலாளியின் வேறொரு ஓட்டலில் இருக்கிறார். சீனு இப்போது அபார்ட்மெண்டுகளுக்கு மணல் ஓட்டுகிறான். போன வாரம் காஞ்சனா, "எதுனா பண்ணி பாஸ்போர்ட்ட வாங்கிக்கினு குவைத்துக்கே போயிடு. தெருவுல தலகாட்ட முடியல" என்றாள். அங்கிள் என்று கூப்பிட்ட மகள் இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

வக்கீலை ரிசார்ட்டே வைத்துக் கொடுத்தது. அவர் சொன்னது ஒன்றே ஒன்று. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ரிஜிஸ்டர் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. பையன் முழுகியதைக் கூட வந்த பதினேழு பேர் கவனிக்கவில்லை, அதற்கு நிர்வாகம் என்ன செய்யும்? "யார் கேட்டாலும் இதையே சொல்லு. கேஸ் நிக்காது. பாஸ்போர்ட் கைக்கு வரும்."

நேற்றுச் சித்தூர் கோர்ட்டில் வாய்தா. வேப்பமரத்தடியில் வக்கீலோடு நின்றிருந்தேன். மணியம்மா நேராக என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"நீதானேப்பா எம் புள்ளையத் தூக்கினு வந்தது?"

தலையாட்டினேன்.

"கண்ணு ஆப்பரேசன் பண்ணிக்கினேன். வேலூர்ல. ரெண்டு கண்ணும்." கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். "அன்னிக்கு நான் கரையில நின்னு எட்டிப் பாத்தேன்பா. என் காலுக்குக் கீழதான் கெடந்திருக்கான். எனக்குத் தெரியல. அந்த போட்டோவப் பாத்துட்டு எங்கூட்டுக்காரரு அதையே சொல்லிக் காட்டறாரு. பெத்தவ கண்ணுக்குத் தெரியாதான்னு. நீ தெனமும் பாக்கற ஆளு, நீ சொல்லு. தண்ணி தெளிவாத்தான் இருந்திச்சா?"

வக்கீல் என் முழங்கையைத் தொட்டார். தொட்டிருக்கத் தேவையில்லை. இருபத்து மூன்று முறை எழுதிய கைக்கு அது பழக்கம், வாய்க்கும் வந்துவிட்டது.

"ஆமாம்மா. தெளிவாத்தான் இருந்திச்சு" என்றேன்.

அவள் கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"அப்போ என் கண்ணுதான்பா" என்றாள்.