எல்லா வாசலுக்கும் ரீடர்

அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனை. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, நீராவியில் கிருமி நீக்கித் திரும்ப அனுப்பும் அறையில் ஜானகி பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். ஜூன் மாதம் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. நுனி வளைந்த நீளக் கத்தரிகள் மூன்று காணவில்லை, ட்ரேக்களை எண்ணி வாங்கியவரின் அலட்சியமே காரணம், மூன்று நாளுக்குள் தவறை ஒப்புக்கொண்டு எழுதித் தரவேண்டும் என்றிருந்தது. கீழே நிர்வாக அதிகாரி ஜவஹரும் அறையின் பொறுப்பாளர் சிஸ்டர் சான்ட்ராவும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஜானகி ஒரே வரியில் பதில் எழுதினாள்: நான் எடுக்கவுமில்லை, தொலைக்கவுமில்லை.

ஜவஹர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்தா ஃபைலை மூடிடலாம்மா. ஏன் பெருசாக்கறே?"

"பண்ணாததுக்கு இன்னாத்துக்கு சார் மன்னிப்பு? என் கைக்கு வர சொல்லவே ட்ரேல அது இல்ல. அன்னன்னிக்கே ரிஜிஸ்டர்ல எழுதிக்கீறேன்."

"ரிஜிஸ்டர் எழுதினதும் நீதானே."

அப்படியும் ஜானகி கடிதம் கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பணியாளர் கேட்டில் அந்த அறையில் வேலை செய்யும் ஐந்து பேரின் பைகளை மட்டும் திறந்து பார்த்தார்கள். கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் பிறந்து, வீட்டை இடித்த பிறகு பெரும்பாக்கத்துக்குக் குடிபோனவள் ஜானகி. இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தும் ஒருநாள் தாமதமானதில்லை. இப்போது அவள் வெளியே போகும்போது சோற்று டப்பாவின் மூடியைத் திறந்து, மிச்சச் சோற்றைக் கரண்டிக் காம்பால் கிளறிப் பார்த்தார்கள்.

ஜூலையில் கருவிகளுக்கு டேக் பொருத்தினார்கள். அரிசி அளவில் ஒரு சில்லு. பிடியில் சின்னக் குழி தோண்டி, அதில் சில்லை வைத்து அடைத்துவிடுவார்கள். எத்தனை முறை வேகவைத்தாலும் கெடாது என்றார்கள். ரீடர் வைத்த வாசலைக் கருவி தாண்டினால், எது, எப்போது என்று கணினியில் பதிவாகும். சுத்தம் செய்யும் அறைக்கு ஒரு ரீடர், ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு ஒன்று, பணியாளர் கேட்டுக்கு ஒன்று. பணியாளர் கேட்டில் வைத்தது மட்டும் சத்தமாகக் கூவும்.

"இனிமே எல்லாம் தெரிஞ்சிடும்" என்றார் ஜவஹர்.

"தெரியட்டும் சார். நல்லதுதான்" என்றாள் ஜானகி. "டாக்டருங்க லிஃப்டாண்ட ஏன் வெக்கல?"

"அது டாக்டருங்க போற வழிம்மா."

"கத்தரிக்கு அது தெரியுமா சார்?"

ஜவஹர் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை நாலு மணிக்கு வேலை முடிந்ததும் ஜானகி பணியாளர் கேட்டுக்குப் போகவில்லை. டாக்டர்கள் லிஃப்டில் ஏறி, கார் நிறுத்தும் அடித்தளத்தில் இறங்கினாள். அங்கே காவலுக்கு இருந்த அப்துல் வஹீத் எழுந்து வந்தார்.

"இது நம்ம வழி இல்லம்மா."

"எங்க எழுதிக்கீது பாய்? போர்டு இருந்தா காட்டு, போயிடறேன்."

போர்டு இல்லை. அவள் கார்களுக்கு நடுவே நடந்து, சரிவில் ஏறித் தெருவுக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள், அவளோடு வேலை செய்யும் முருகையன் தயங்கித் தயங்கி லிஃப்டுக்குள் வந்து நின்றார். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த மனிதர். "என் பேத்தி கேக்குறா, உன் பையை ஏன் தாத்தா கிண்டுறாங்கன்னு" என்றார். வாரம் முடிவதற்குள் ஐந்து பேரும் அந்த வழியாகத்தான் போனார்கள்.

ஒழுங்கீனம் என்று இரண்டாவது மெமோ வந்தது. "எல்லா வாசலுக்கும் ரீடர் வையுங்கள், அதுவரை ரீடர் இல்லாமல் டாக்டர்கள் போகும் வாசலில் நாங்களும் போகிறோம்" என்று எழுதி ஐவரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அடித்தளத்து வாசலிலும் கூவும் ரீடர் ஒன்று ஏறியது. இவர்களைப் பிடிக்கத்தான் அது என்று எல்லோருக்கும் தெரியும்.

"இப்ப சந்தோஷமா?" என்று கேட்டார் ஜவஹர்.

"இன்னும் இல்ல சார்."

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் அந்த ரீடர் கூவியது. வாசலில் நின்றவர் டாக்டர் வைதேகி. கை அறுவை சிகிச்சையில் பெயர்பெற்றவர், கோபித்துப் பேசாதவர். என்ன செய்வதென்று தெரியாமல் அப்துல் வஹீத் மேலே போன் செய்தார். எண்ணைச் சரிபார்க்கச் சான்ட்ராவும் ஜானகியும் இறங்கி வந்தார்கள்.

டாக்டர் தாமாகவே பையைத் திறந்தார். பச்சைத் துணிச் சுருளுக்குள் நான்கு கத்தரிகள். ஒன்றில் டேக் இருந்தது. மற்ற மூன்றும் பழையவை. காணாமல் போன மூன்றின் பிடியில் வெட்டியிருந்த எண்களை ஜானகி மனப்பாடமாகச் சொன்னாள். சான்ட்ரா ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினாள்.

"இதை நான் எடுத்துண்டு போறது வழக்கம்தானே" என்றார் டாக்டர். "வியாழக்கிழமை மயிலாப்பூர் கிளினிக்ல சின்னக் கேஸ் பண்றச்சே இதுதான் கைக்கு வாகா இருக்கு. திருப்பி வெக்கணும்னு நெனைச்சுண்டே இருந்தேன்."

"டாக்டரம்மா, இந்த மூணுக்காகத்தான் எனக்கு மெமோ குடுத்துக்கீறாங்க. ஒண்ணரை மாசமா என் சோத்தக் கிளறிப் பாத்தாங்க."

டாக்டரின் முகம் வெளுத்தது. "எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"உங்கள யாரும் கேக்கலம்மா."

படியேறும்போது சான்ட்ரா பாதியில் நின்றுவிட்டாள். சாந்தோமில் வளர்ந்தவள், அதிர்ந்து பேசமாட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியும் ஜானகி. அவங்க துணியில சுத்துறத ரெண்டு தடவை பாத்தேன். கொண்டுவந்துடுவாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் மெமோ டைப் பண்ணி வந்துச்சு. அப்ப சொன்னா, ஏன் முன்னாடியே சொல்லலைன்னு என்னைக் கேப்பாங்கன்னு பயந்துட்டேன்."

திட்ட வேண்டும் என்று ஜானகிக்கு வாய் வரை வந்தது. பதினோரு வருடம் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று எண்ணியவர்கள்.

"இப்ப சொன்னியே சிஸ்டர், அத அப்படியே பேப்பர்ல எழுதிக் குடு" என்றாள். முதல் தடவையாக அவளை ஒருமையில் பேசியது இருவருக்குமே உறைத்தது.

மறுநாள் காலை சான்ட்ராவின் கடிதம் ஜவஹரின் மேஜையில் இருந்தது. டாக்டரும் தனியாக ஒன்று அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை ஜவஹர் ஜானகியிடம் ஒரு தாளை நீட்டினார். 'மெமோக்கள் மனிதாபிமான அடிப்படையில் திரும்பப் பெறப்படுகின்றன' என்றிருந்தது.

ஜானகி படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தாள். "இது வேணாம் சார்."

"மெமோதான் கேன்சல் ஆயிடுச்சேம்மா."

"மனிதாபிமானம்னா, நான் தப்பு பண்ணேன், நீங்க பாவம் பாத்து வுட்டீங்கன்னு ஆவுது. என்னைப் பாத்து யாரும் பாவப்பட வேணாம்."

"ஒரே ஒரு வார்த்தை. மேல கையெழுத்தாகி வந்துடுச்சு."

"அந்த ஒரு வார்த்தைக்காக நான் வெயிட் பண்றேன் சார். அதுவரைக்கும் பழைய மெமோ அப்படியே இருக்கட்டும்."

பன்னிரண்டு நாள் ஆயிற்று. வீட்டில் அவள் கணவன் பாலுகூட, "கெடச்சத வாங்கிக்கினு வேலையப் பாரேன்" என்றான். அவள் அசையவில்லை. கடைசியில் வந்த தாளில், விசாரணையில் ஜானகியின் மீது எந்தத் தவறும் இல்லை என்று தெரிந்ததால் மெமோக்கள் ரத்து செய்யப்படுகின்றன என்றும், பணியாளர் பைகளைச் சோதிப்பது நிறுத்தப்படுகிறது என்றும் இருந்தது. அவள் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான்கு நகல் எடுத்து மற்ற நால்வருக்கும் கொடுத்தாள். முருகையன் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்குக் கேன்டீனில் சான்ட்ரா டீ டம்ளரோடு வந்து அவள் எதிரில் நின்றாள். ஜானகி உடனே நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குந்துங்க சிஸ்டர்" என்றாள் பிறகு. "ஆனா நான் மறக்கல."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு சான்ட்ரா உட்கார்ந்தாள்.