உருமா

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்குப் பதினாறாம் நாள் பெண் வீட்டார் தலைப்பாகை கட்டிவிடுவார்கள். அதற்கு உருமா என்று பேர். துக்கம் தீர்ந்தது, இனிப் பிழைப்பைப் பார் என்று அர்த்தம். பேச்சிராஜாவுக்கு அதைக் கட்ட வேண்டியவர் வானமாமலை. செத்துப்போன கலைச்செல்விக்குத் தாய்மாமன். மும்பை டிராம்பேயில் வெடித்த கெமிக்கல் ஆலைக்குப் பெண்களை வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டரும் அவர்தான்.

தாராவிக் கோயில் மண்டபத்தில் உட்கார இடமில்லை. பாதிப் பேர் அவர் தயவில் சோறு தின்பவர்கள்.

ஆலைக்காரர்கள் ஒரு கதை சொல்லியிருந்தார்கள். டேங்க் வெடித்ததும் டிரம் நிரப்பும் ஷெட்டிலிருந்த பெண்கள் பதறிப்போய், வழி தெரியாமல் ஓடிக் கருகினார்களாம். வருஷக்கணக்காக வேலை பார்த்த ஷெட்டில் வழி தெரியாதாம். பேச்சிராஜா அதையும் மரத்துப்போய்த்தான் கேட்டான். பொட்டுக் கண்ணீர் வரவில்லை. படித்தவன், நெஞ்சு கல் என்றார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் செண்பகவல்லியைப் பார்த்தான். கலைச்செல்வியோடு வேலை பார்த்தவள். தகரம் பிய்ந்த சந்தில் விழுந்து தப்பியவள். பின்கதவு வெளியே பூட்டியிருந்தது என்றாள். கலைச்செல்வி கடைசிவரை அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தாளாம்.

வானமாமலை துணியை விரித்து நின்றார்.

"தலையக் குனிங்க மாப்ள."

பேச்சிராஜா குனியவில்லை.

"கதவ யாரு பூட்டுனது மாமா?"

மூலையில் ஒரு கிழவர், கல்யாணத்தில் மோதிரத்துக்கு முறுக்கிய மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், உருமாவுக்கு முறுக்குகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சபையில் கேட்கிற கேள்வியா இது, நேரம் போகிறது என்று நாலைந்து பேர் அதட்டினார்கள். பேச்சிராஜா கழுத்தை நிமிர்த்தியபடியே இருந்தான்.

கலைச்செல்வியின் அம்மா முப்பிடாதியம்மாள் எழுந்து வந்தாள். வானமாமலைக்கு அக்கா.

"கேக்காருல்லா, சொல்லுல. சாவி ஒங்கிட்டதான இருந்துச்சு?"

அவர் துணியைச் சுருட்டினார். திரும்ப விரித்தார்.

"நெடி தாங்கலன்னு நிமிசத்துக்கு ஒருத்தி வெளிய போனாளுவ. வேல நடக்கலன்னு சேட்டு கத்துனான். நாந்தான் பூட்டுனேன். இப்படி ஆவும்னு யாரு கண்டா அக்கா?"

"இத ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்றான் பேச்சிராஜா. "பெறவு கட்டுங்க."

"சொன்னா என்னய உள்ள தள்ளிருவான் மாப்ள. எனக்கும் புள்ளைக இருக்கு."

"அவளும் உள்ளதான் கெடந்தா."

அவன் வெறுந்தலையோடு எழுந்து செருப்பை மாட்டினான். ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதியம்மாள் தம்பியின் கையிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தாள். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள்.

"நட" என்றாள்.