மூன்று முறையும் ஒரே எண்

அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில் அக்காவுக்குப் பதினோரு வருட வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பவளும் அவள்தான். "எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில் சொன்னா அது பிரிசிஷன். சொன்ன பதில் நிஜமா இருந்தா அது அக்யுரசி. ஒரே பொய்யைப் பத்துத் தடவை மாத்தாம சொல்றவனும் இருக்கான், ஏமாந்துடாதீங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அப்பா உடம்பு முடியாமல் படுத்த முதல் நாள், தங்கை அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "கொதிக்குதுக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள். அக்கா வேலைப் பழக்கத்தில் தெர்மாமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை வாயில வெச்சே, கடிச்சு முழுங்கிடுவேன்" என்று அப்பா மிரட்டினார்.

மூன்று முறையும் தொண்ணூற்றெட்டு. "உன் கை என்ன மெஷினா? போய் வேலையைப் பாருடி" என்று தங்கையை விரட்டினாள். அடுத்த இரண்டு நாளும் அதே எண். நான்காம் நாள் காலையில் அப்பாவுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் நூற்று நான்கு காட்டியது. கிருமி ரத்தத்தில் கலந்து நாளாகிவிட்டது என்றார் டாக்டர். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த சித்தப்பா அத்தனை பேர் முன்னால் தங்கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவ வேலைக்குப் போறவ. கூடவே இருந்த உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" தங்கை வாய் திறக்கவில்லை. அக்காவும்தான்.

அந்த நூற்று நான்கு அக்காவை அரித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது வாரம் தெர்மாமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சரியாக நூற்று இரண்டு டிகிரியில் நிறுத்திய வெந்நீர்த் தொட்டியில் நனைத்தாள். தொண்ணூற்றொன்பது. துடைத்துவிட்டு மறுபடியும். தொண்ணூற்றொன்பது. மூன்றாவது முறையும் அதேதான். ஒவ்வொரு முறையும் மூன்று டிகிரி குறைவு.

வீட்டுக்கு வந்ததும், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தங்கையிடம் போய் நின்றாள். பிரிசிஷன், அக்யுரசி என்று இழுத்தாள்.

"உன் லேப் பாஷையெல்லாம் வேண்டாம். அப்பாவுக்கு ஜுரம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. முதல் நாளே நூத்தியொண்ணு. இன்னொண்ணோட ஒத்துப் பார்க்காம எந்தக் கருவியையும் நம்பாதவ நான். வீட்டுல ஒத்துப் பார்க்க உன் கை ஒண்ணுதான் இருந்துச்சு. அதைத்தான் தட்டி விட்டேன்."

தங்கை குழாயை மூடினாள். "அதுக்கப்புறம் அப்பா நெத்தியில நான் கையே வைக்கலைக்கா. நீ சொன்னியேன்னு."

அக்காவுக்கு அழுகை முட்டியது. தோளைத் தொடப் போனாள். தங்கை விலகிக்கொண்டாள்.

"என்கிட்ட அழாதே. சித்தப்பாகிட்ட சொல்லு."

"நாளைக்கு…"

"இப்பவே."

அக்கா போன் போட்டாள். இரண்டு முறை மணியடித்ததும் சித்தப்பா எடுத்துவிட்டார். "சொல்லும்மா. சின்னவ இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டுத்தான் இருக்காளா?"

"சித்தப்பா, அவ முதல் நாளே சொன்னா. நான்தான் கேக்கலை" என்று அக்கா தொடங்கினாள். தங்கை சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்து, அப்பா போன பிறகு முதல்முறையாக, சத்தம் போட்டு அழுதாள்.