மைத்துனர் மாற்றிக்கொண்ட வாரம்

அந்த வீட்டில் நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு நோய்தான் இருந்தது. மூச்சிரைப்பும் காய்ச்சலுமாகத் தாயிடம் தொடங்கிய அது, அவரை விட்டு மகளிடம் தாவி, சொல்லாமல் கொள்ளாமல் தந்தைமேல் ஏறி, தாயின் தம்பியிடம் இறங்கியது. குணப்படுத்த வழியில்லை, என்றைக்காவது ஒருநாள் அப்போது யாரிடம் இருக்கிறதோ அவரைக் கொண்டுபோய்விடும் என்றார் மருத்துவர்.

தந்தை பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். நூற்றுப் பதினான்கு வண்டிகளையும் அவற்றைவிட முரண்டுபிடிக்கும் ஓட்டுநர்களையும் கட்டி மேய்ப்பவருக்கு, ஒரு நோய் இஷ்டத்துக்கு வந்துபோவது பொறுக்கவில்லை. ஆளுக்கு ஒரு வாரம் என்று டூட்டி சார்ட் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். மகளை மட்டும் விட்டுவிட்டார். நோய் அன்றே நால்வரையும் ஒருசேரப் படுக்கவைத்தது. படுத்தபடியே அவர் அவளையும் சேர்த்து எழுதிய பிறகுதான் எழுந்திருக்க விட்டது. அதிலிருந்து திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, பணிமனையின் எந்த வண்டியையும்விடச் சரியாக, தாய், தந்தை, மகள், மைத்துனர் என்று ஆள் மாறியது.

இப்படி ஒன்பது ஆண்டுகள். மகள் வேலைக்குச் சேரும்போதே தன் வாரத்துக்கு விடுப்புச் சொல்லிவைத்தாள். அந்த வாரங்களில் தந்தை சோற்றைத் தொடாமல் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். சலூன் வைத்திருந்த மைத்துனர் இதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் பணிமனைக்கே வந்துவிட்டார். ஓட்டுநர்கள் டூட்டி மாற்றிக்கொள்ளும் படிவத்தில் அக்கா மகளின் வாரத்தைத் தன் பெயருக்கு எழுதியிருந்தார்.

“என்னப்பா இது?”

“கையெழுத்துப் போடுங்க அத்தான். நாள் பூரா நின்னு முடி வெட்டிக் கால் கடுக்குது. மாசத்துல ரெண்டு வாரம் படுத்தா தேவலை.”

“எத்தனை தடவைக்கு?”

“முதல்ல போடுங்க. பின்னாடி ஒன்பது டிரைவர் நின்னு என்னையே முறைக்கிறாங்க.”

மகளுக்கு ஒரு முறையாவது ஓய்வு கிடைக்கட்டுமே என்ற ஆசையில், ‘எதுவரை’ என்ற கட்டம் காலியாக இருந்ததைக் கவனிக்காமல் போட்டுவிட்டார். முப்பது ஆண்டு வேலையில் அவர் செய்த ஒரே பிழை அது.

நோய் படிவத்தை மதித்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, மகளுடையதாக இருந்திருக்க வேண்டிய ஒரு வாரத்தின் வியாழக்கிழமை, “உங்க மண்டைக்கு நான்தான் முடி வெட்டினேன்னு வெளிய சொல்லிடாதீங்க டாக்டர்” என்று சொல்லி, மருத்துவர் சிரித்து முடிப்பதற்குள் மைத்துனர் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவருடைய சொந்த முறை. வீட்டில் யாருக்கும் நோயில்லை. பிறகு தாய் படுத்தார், தந்தை படுத்தார். மகளின் திங்கட்கிழமை வந்தது. ஐந்தரைக்கே தந்தை அவள் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறு அடித்தது. ஆறரைக்கு அவள் குளித்து, சாப்பிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். காலிக் கட்டம் கண்ணில் பட்டது. இறந்தவர் தலையில் வேலை சுமத்துவது எந்த விதியிலும் இல்லை. பேனாவைத் திறந்தார்.

“மூடி வைங்க,” என்றார் மனைவி. “அவனுக்கு அங்க வேறென்ன வேலை?”

மூடி வைத்தார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரம்மா மகளை நிறுத்தி, “இந்த வாரம் யார்கிட்ட?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“மாமாகிட்ட.”

“அப்ப சனிக்கிழமை சினிமாவுக்கு வர்றியா?”